சிக்கு

ஆறு வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவருடைய முதல் கவிதைத் தொகுப்புக்கு இதே பத்திரிகையில் மதிப்புரை எழுதினேன். தூண்டில் வீசுவதைப் பற்றிய கவிதை ஒன்று அதில் உண்டு. உருளை நூலை முந்திக்கொண்டு சுற்றுகிறது என்று பொருள்பட ஓரிடம் வரும். நூல் இழுத்துத்தானே உருளை சுற்றுகிறது, அது எப்படி நூலை முந்தும், பௌதிகத்துக்கே ஒவ்வாத, வலிந்து வரவழைத்த படிமம் என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. நண்பர் பதில் எழுதவில்லை. போன வருஷம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகுமுன் தன் தூண்டில் கோலையும் ரீலையும் பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "சும்மாதான் கெடக்கும். நீங்க போட்டுப் பாருங்க" என்றார். மதிப்புரையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

நான் அறிந்த தூண்டில் மூங்கில் கழி, தங்கூசி, தக்கை, மண்புழு. இது வேறு ஜாதி. பெய்ட்காஸ்டிங் ரீல் என்று பெயர். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்பின்னிங் ரீலில், வீசும்போது உருளை அசையாது. நூல் அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகக் கழன்று போகும். இதிலோ நூல் இழுக்கிற இழுப்பில் உருளையே சுழன்றாக வேண்டும். வில்லங்கம் எல்லாம் அங்கேதான்.

முதலில் புத்தகம் தேடினேன். அது என் வியாதி. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த எச்.எஸ். தாமஸ், ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். இந்த ரீலின் பூர்வோத்தரமும் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் முன்னோடியைச் செய்த கென்டக்கிக்காரர் ஜார்ஜ் ஸ்னைடர் கடிகாரம் செய்பவர். இந்த வகை ரீலுக்குப் பேர்போன ஸ்வீடன் நாட்டு ஆபு கம்பெனியும் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாக ஆரம்பித்ததுதான். நூலை இடம் வலமாகப் பரப்பிச் சுற்றும் அமைப்புக்கு 1890களில் காப்புரிமை வாங்கிய அமெரிக்கர் பெயர் வில்லியம் ஷேக்ஸ்பியர். ஜூனியர். மூன்று வருஷ பி.ஏ.வில் இவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நூல் சுற்றுவதிலேயே முதல் தோல்வி. பின்னல் நூலை உருளையில் முடிந்து, முழுக்கச் சுற்றி, இழுத்துப் பார்த்தால் மொத்தச் சுற்றும் உருளைமேல் வழுக்கித் திரும்புகிறது. வழவழத்த உலோகத்தில் அதற்குப் பிடிப்பில்லை. எல்லாவற்றையும் பிரித்து, அடியில் கொஞ்சம் தங்கூசி சுற்றி, அதன்மேல் மறுபடி சுற்றினேன். விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் குறைவாக நிறுத்த வேண்டும். பிறகு கைப்பிடிப் பக்கத்துத் திருகு. எடையைக் கட்டிக் கோலை நீட்டி, பொத்தானை அமுக்கினால் எடை மெதுவாக இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் உருளை நின்றுவிட வேண்டும். மறுபக்கம் காந்த பிரேக், பத்துவரை எண் போட்டது. அலுமினிய உருளை சுழலச் சுழல, காந்தம் அதில் மின்சுழல்களை எழுப்பித் தொடாமலேயே பிடித்திழுக்கிறது. வாசித்துப் புரிந்துகொண்டேன். புரிந்ததும் வந்துவிட்டதாக எண்ணுவது எங்கள் தொழிலின் குணம்.

வைகாசியில் உத்திரமேரூர் ஏரி கரையை விட்டு வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. பல்லவர் காலத்து வைரமேக தடாகம். இதைப் போன்றவற்றைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் எடுக்கும் விதியை, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டாக ஊர் நடுவே வெட்டிவைத்திருக்கிறார்கள். காய்ந்த ஏரிப்படுகையில், முள் இல்லாத பதினைந்து கிராம் எடையை, எதிர்காற்றில் வீசினேன். எடை பத்துப் பன்னிரண்டு கெஜம் போயிருக்கும். 'கிர்' என்று ஒரு சப்தம். குனிந்து பார்த்தால் ரீலுக்குள் கைப்பிடியளவு நூல் குழம்பிக் கிடந்தது.

அங்கேயே உட்கார்ந்து சிக்கெடுத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில்தான் விளங்கியது. முதல் உதறலில் நூல் உருளையைச் சுழற்றிவிடுகிறது. அப்புறம் காற்றில் எடையின் வேகம் குறைகிறது. உருளைக்கு அது தெரியாது. பழைய வேகத்திலேயே சுற்றி, போக இடமில்லாத நூலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. முந்துகிறது. நண்பர் எழுதியது படிமமே அல்ல, கண்ணால் கண்டது. நான் ஒரு செய்தியைப் படிமமாக வாசித்து, அது படிமமாகத் தேறவில்லை என்று மார்க் குறைத்திருக்கிறேன்.

காந்தத்தைப் பத்தில் வைத்தால் சிக்கு விழாது, எடையும் போகாது. மிச்ச வேலை கட்டைவிரலுக்கு. வீசும் கணத்தில் விட்டு, பறக்கும்போது பட்டும் படாமலும் உரசி, தண்ணீரைத் தொடுமுன் அழுத்தி நிறுத்த வேண்டும். எனக்கு அழுத்தத் தெரிந்தது, விடத் தெரிந்தது, இரண்டுக்கும் நடுவே ஒன்றும் தெரியவில்லை. கரையில் மாலை நடை வரும் எங்கள் கிளையின் ஓய்வுபெற்ற கேஷியர் நாலைந்து நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நோட்டு எண்ணுற மாதிரிதான் சார். அழுத்துனா தாள் நகராது. விட்டா ரெண்டு சேந்து வரும்." அவர் மெஷின் வருவதற்கு முந்தைய தலைமுறை. கோலைக் கொடுத்தேன். மூன்றாவது வீச்சில் என்னைத் தாண்டிப் போட்டார். மீனில் அவருக்கு அக்கறை இல்லை; சைவர்.

கார்த்திகையில் தண்ணீர் வந்தது. குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ரப்பர் தவளையோடு போனேன். கோரை ஓரத்தில் விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கொத்தாகக் கொதித்துக்கொண்டிருந்தன. கீழே தாய் தகப்பன் காவல் இருக்கும். குஞ்சுகளுக்கு நடுவே தவளை விழுந்தால் பசியில்லாவிட்டாலும் கோபத்தில் பாய்ந்து கவ்வும். பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் கெண்டைக்கும் கொக்குக்கும். நான் இந்தப் பக்கம் தள்ளி வீசினேன். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் தவளை விழுந்த இடம் நான் நினைத்த இடம்.

நண்பருக்கு எழுத வேண்டியதை, எழுதிய இடத்திலேயே எழுதிவிடுவது நியாயம் என்று பட்டது. அவர் கொடுத்தபோது காந்தத் திருகு இரண்டில் இருந்தது. எதற்கென்று தெரியாமல் அன்றே திருப்பிவிட்டேன். இப்போது ஆறுக்கு இறங்கியிருக்கிறேன்.