நீலப் பூவின் பெயர்

மலரை விரும்பாதவர் இல்லை. ஆனால் விரும்பிய மலரைச் சரியாக இனங்கண்டுகொள்வது அத்தனை எளிதன்று. எங்கள் பள்ளியின் பின்மதிலோரம் நிற்கும் ஒரு செடி இதை எங்களுக்குக் கற்பித்தது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், தோழி ஒருத்தி தன் வீட்டிலிருந்து பன்னிரண்டு போத்துகள் கொண்டு வந்தாள். அரையடி நீளத் துண்டுகள். மணல் கலந்த மண்ணில் ஊன்றி, நிழலில் வைத்து, நாள்தோறும் நீர் தெளித்தோம். ஒன்பது துளிர்த்தன. அவற்றை வெயில் நன்றாக விழும் மதிலோரத்தில் நட்டோம். வெளிர்நீலப் பூக்கள் கொத்துக் கொத்தாக மலர்ந்தபோது எங்கள் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அப்போதுதான் கேள்வி எழுந்தது. பார்த்தவர்கள் அதை “நீலக் கொடிவேலி” என்றார்கள். கொடிவேலி நம் நாட்டு மூலிகை. சித்திரமூலம் என்பதும் அதுவே. அதன் பச்சை வேர் பட்டால் தோல் கொப்புளிக்கும். சித்த வைத்தியர்கள் முறைப்படி சுத்தி செய்த பின்பே அதை மருந்தில் சேர்ப்பார்கள். “சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் இடமாயிற்றே! இது என்ன செடியென்று முதலில் உறுதி செய்யுங்கள்; பிறகு வைப்பதா எடுப்பதா என்று பார்ப்போம்” என்றார்கள் தலைமையாசிரியை சிஸ்டர்.

அறிவியல் ஆசிரியையின் துணையுடன் ஆராயத் தொடங்கினோம். பூவின் புல்லிவட்டத்தைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஆனால் கொடிவேலியிலும் அப்படித்தான் ஒட்டும். நிறத்தை மட்டும் நம்பவும் வழியில்லை; கொடிவேலியின் பூ வெண்மை என்றாலும், நீலச் செடியிலும் வெள்ளைப் பூ வகை உண்டு. எனவே அளவுகோலை எடுத்தோம். கொடிவேலிப் பூவின் குழல் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். எங்கள் பூவினுடையது 4 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. கொடிவேலி நீண்ட கதிராகப் பூக்கும். இதுவோ குட்டையான கொத்தாகப் பூத்திருந்தது. இலைக்காம்பின் அடியில் காது மடல்போல் இரு சிறு செதில்களும் இருந்தன.

எங்கள் செடி பிளம்பேகோ ஆரிகுலேட்டா. ‘ஆரிகுலேட்டா’ என்றால் ‘காதுடையது’ என்று பொருள். 1786-இல் இப்பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லமார்க். இதன் தாயகம் தென்னாப்பிரிக்கா. அங்கே புதர்க்காடுகளில் மற்றச் செடிகள்மேல் சாய்ந்து படர்ந்து, என்றும் பசுமையாக நிற்கிறது. இடி விழாமல் காக்கும் என்று நம்பி, இதன் குச்சியைக் கூரையில் செருகி வைக்கும் வழக்கமும் அங்கு உண்டாம். நம் கொடிவேலி இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் கூறும் செங்கொடுவேரி இன்னொரு சகோதரி.

பெயர் அறிந்ததன் பயன் விரைவிலேயே தெரிந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த பாட்டி ஒருவர் செடியைக் கண்டு, “ஏம்மா, இது கொடிவேலிதானே? மூட்டு வலிக்கு அரைச்சுப் போட ஒரு துண்டு வேர் கொடுங்கம்மா” என்று கேட்டார். “இது ஆப்பிரிக்காச் செடி பாட்டி. கொடிவேலியாகவே இருந்தாலும் பச்சை வேரை அரைத்துப் போட்டால் புண்ணாகிவிடும்” என்று நாங்கள் எடுத்துச் சொன்னோம். பாட்டி சற்று யோசித்துவிட்டு, “அப்போ பூ மட்டும் கொடுங்க” என்று சிரித்தார்.

செடியை வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. இதன் சாறும் சிலருக்குத் தோலில் எரிச்சல் தரும் என்பதால், கையுறையோடுதான் கத்தரிக்கிறோம். பிறகு கை கழுவுகிறோம். சிறு வகுப்பினருக்குத் தெரியும்படி ஒரு பலகையும் எழுதி வைத்திருக்கிறோம். புதுத் தளிரில்தான் இது பூக்கும். ஆகவே வெட்ட வெட்டப் பூ பெருகுகிறது. வரிகள் கொண்ட சிறு நீல வண்ணத்துப்பூச்சிகள் மொட்டுகளில் முட்டையிட வருகின்றன. ஆப்பிரிக்காவில் இவற்றின் உறவுப் பூச்சிகள் இதே செடியில்தான் வளர்கின்றன.

தோழியரே, உங்கள் வீட்டு முற்றத்திலும் பெயர் தெரியாத ஒரு செடி நிற்கலாம். பிறர் சொன்ன பெயரோடு நின்றுவிடாதீர்கள். இலையைப் புரட்டிப் பாருங்கள். பூவை அளந்து பாருங்கள். நன்றாக அறிந்த செடியை அச்சமின்றி வளர்க்கலாம்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி