கெண்டகியில் மூன்று கிண்ணங்கள்

அமெரிக்காவின் கெண்டகி மாகாணத் தலைநகரம் பிராங்க்போர்ட். நதிக்கரையிலுள்ள அவ்வூரில் மக்காச்சோளம் புளிக்கும் வாசனையே எங்களை வரவேற்றது. 'பர்பன்' விஸ்கி பிறக்கும் பூமி அல்லவா!

உடன் வந்த நண்பர், பெயர்பெற்ற பழம் புட்டி ஒன்று வாங்கவென்று வருஷக் கணக்காகப் பணம் சேர்த்திருந்தார். "முதலில் லேபிளை மறைத்து ருசி பாரும்" என்றோம். விடுதியில் மூன்று கிண்ணங்கள் வந்தன. அவர் ருசி பார்த்தார். உபாத்தியாயர்களாகிய நாங்கள் கணக்குப் பார்த்தோம்.

முதலாவதில் சோளத் தித்திப்பும் தொண்டை எரிச்சலும் இருந்தனவாம். இரண்டாவதில் வெல்லப்பாகின் மணம். மூன்றாவதில் மரக் கசப்பே மேலோங்கியதாம். "இரண்டாவதே உத்தமம்!" என்றார். லேபிளைத் திறந்தால், மூன்றாவதன் விலை அதைப்போல் பத்து மடங்கு!

மலிவானாலும் உயர்ந்ததானாலும் சட்டம் ஒன்றே: தானியத்தில் 51 சதவிகிதமேனும் மக்காச்சோளம், உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாய். வருஷம் ஏற ஏறச் சரக்கு ஆவியாகிக் குறைகிறது. ஆகவே விலை ஏறுகிறது. மரத்தின் கசப்பும் உடன் ஏறுகிறது. நண்பர் மெச்சியதோ, 1897-ஆம் வருஷச் சட்டப்படி நான்கு வருஷமேனும் ஊறி, 50 சதவிகித வீரியத்துடன் அடைத்த சாதாரணப் புட்டி.

விலை வயதைச் சொல்லும், ருசியைச் சொல்லாது. மிச்சப் பணத்தில் நண்பர் தம் பெண்ணுக்கு ஒரு பிடில் வாங்கினார்.