தறிக்குழியில் ஐந்து குட்டிகள்

தை மாதம், விடிந்தும் விடியாத நேரம். "டேய், இங்க வந்து பாரு" என்று அப்பா தறிப்பக்கம் இருந்து கூப்பிட்டார். மிதியை மிதிக்கக் காலைக் குழிக்குள் இறக்கியவர், பாதத்தில் மெத்தென்று ஏதோ படவும் சட்டென்று தூக்கியிருக்கிறார். போனில் டார்ச் அடித்துப் பார்த்தேன். குழியின் மூலையில் வெள்ளை முடிக் குவியல். நடுநடுவே அறுந்த பட்டு நூல், காய்ந்த புல். குவியல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. விலக்கிப் பார்த்தால் ஐந்து குட்டிகள். உடம்பில் ரோமம் இல்லை, கண் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் விரல் நீளம்தான்.

"பொட்டைன்னு சொல்லித்தானே ரெண்டையும் குடுத்தான்?" என்றார் அப்பா.

அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆடியில் மகளுக்காக வாங்கியவை அவை. தனி முயல் ஏங்கிப்போகும், அது கூட்டத்தில் வாழ்கிற பிராணி என்று படித்திருந்ததால் இரண்டாக வாங்கினேன். "ரெண்டும் பொண்ணுதான் சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். இரண்டு மாதக் குட்டியில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது பழகிய கைக்கே தப்பக்கூடிய காரியம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மகள் வெள்ளைக்கு பஞ்சு என்றும் சாம்பலுக்கு மிளகு என்றும் பெயர் வைத்தாள். "பட்டு நெய்யறவன் வீட்ல பஞ்சா?" என்று அப்பா சிரித்தார்.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். நான் ஐ.டி.யில் வேலை பார்க்கிறேன், வாரத்தில் இரண்டு நாள் சென்னைக்குப் போனால் போதும். அப்பாவுக்கு இன்னமும் குழித்தறிதான். நெய்கிறவர் தரையோடு உட்கார்ந்து குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு மிதிப்பார். காட்டில் முயலினம் மண்ணைத் தோண்டி வளைக்குள் குட்டி போடுகிறது. சிமெண்ட் தரை போட்ட வீட்டில் பஞ்சுவுக்கு வளை மாதிரித் தெரிந்த ஒரே இடம் அந்தக் குழி. தன் வயிற்று முடியைத் தானே பிடுங்கி மெத்தை போட்டிருந்தாள். முடி போதாமல் அப்பாவின் கழிவு நூலையும் இழுத்துக்கொண்டாள்.

எல்லோருக்கும் சந்தோஷம், மறைக்க ஒன்றுமில்லை. மகள் ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்றாள். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. அப்பா தறியை நிறுத்தினார். பாதி நெய்த முகூர்த்தப் புடவை அப்படியே நின்றது. முதலாளி போன் செய்தபோது "உடம்பு சரியில்லப்பா" என்று பொய் சொன்னார். குட்டி போட்டிருக்கிறது, தறியில் உட்கார முடியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மூன்றாம் நாள் பயம் வந்தது. பஞ்சு குட்டிகள் பக்கமே போகவில்லை. நாள் முழுக்கக் கூடத்தில் படுத்துக் கீரை தின்றுகொண்டிருந்தாள். "தாய் ஒதுக்கிடுச்சு" என்றாள் அம்மா. நான் இங்க் ஃபில்லர் வாங்கிவந்து பசும்பாலைச் சூடாக்கி ஒவ்வொரு குட்டிக்கும் ஊட்டினேன். இரண்டு குட்டிகள் மூக்கில் பால் நுரைக்கச் செத்துப்போயின. ஒன்று என் உள்ளங்கையிலேயே.

எட்டாம் நாள்தான் கால்நடை மருத்துவரைப் பார்த்தோம். நடந்ததைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: முயல் தன் குட்டிகளுக்கு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் பால் கொடுக்கும், அதுவும் சில நிமிஷம்தான். மற்ற நேரமெல்லாம் கூட்டைவிட்டு விலகியே இருக்கும். பக்கத்திலேயே கிடந்தால் நரிக்கும் பாம்புக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி. ஒதுக்குவதாக நாங்கள் நினைத்ததுதான் அதன் வளர்ப்பு முறை. பால் நுரையீரலுக்குள் போனதால் அந்த இரண்டும் செத்தன. "கூட்டை அப்படியே ஒரு அட்டைப்பெட்டிக்கு மாத்துங்க, ஒண்ணும் ஆகாது. நூலையெல்லாம் எடுத்துடுங்க, கால்ல சுத்தினா காலே போயிடும்" என்றார்.

கிளம்பும்போது கேட்டார்: "ஆண் முயல் எங்க இருக்கு?"

"வீட்லதான் சார். ஒண்ணாத்தான் இருக்கு."

"அப்போ அடுத்த ஈத்து ஆரம்பிச்சிருக்கும்."

நாய்க்கு இருப்பதைப்போல முயலுக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. சேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளிவரும். குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினையாகலாம். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். முதல் ஈத்துக் குட்டிகள் பால் மறக்கும் முன்பே அடுத்த ஈத்து வந்து நிற்கும். மாசியில் வந்தது. ஆறு குட்டிகள்.

இன்ஜினியரிங் படித்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது முயல் வளர்த்திருக்கிறோம், சி லேபில். ரிகர்ஷன் என்றால் ஃபிபனாச்சி. 1202-ல் பீசா நகரத்து லியனார்டோ தன் புத்தகத்தில் போட்ட கணக்கு அது: ஒரு ஜோடி முயல் மாதம் ஒரு ஜோடி ஈனுகிறது, பிறந்த ஜோடி இரண்டாம் மாதத்திலிருந்து ஈனுகிறது, ஒரு வருஷத்தில் எத்தனை ஜோடி? விடை 377. இதே எண்வரிசையை அவருக்கு முன்பே நம் யாப்பிலக்கண அறிஞர்கள் சந்தங்களை எண்ணும்போது கண்டுகொண்டார்கள் என்பது வேறு கதை. நான் சொல்லவந்தது அந்தக் கணக்கிலிருக்கும் முயல்களைப் பற்றி. அவை சாவதில்லை. சித்திரை வெயில் அவற்றைத் தொடுவதில்லை. 377 ஜோடிக்கும் யார் வீட்டில் இடம் என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. ப்ரோக்ராமில் நிறுத்தும் நிபந்தனையை எழுத மறந்தால் கம்ப்யூட்டர் எரர் காட்டி நின்றுவிடும். வீட்டில் அப்படி ஒன்றும் நிற்காது.

இரண்டாம் ஈத்தில் ஒன்று போக, மொத்தம் எட்டுக் குட்டிகள் மிஞ்சின. இந்தக் கட்டுரைக்காக அந்த எட்டையும் எழுதிப்பார்த்தேன்.

மூன்றை வாங்கிய கடையிலேயே கொடுத்தேன். பதிலுக்கு ஒரு தீவன மூட்டை கொடுத்தார்கள். அவையும் "ரெண்டும் பொண்ணுதான் சார்" என்ற உத்தரவாதத்தோடு எங்கோ போயிருக்கும். ஒன்றை ஆபீஸ் நண்பன் எடுத்துப்போனான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒன்பதாவது மாடி. மூன்று மாதத்தில் இரண்டு லேப்டாப் சார்ஜர் போனதும் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். யாருக்கு என்று கேட்டேன். "ஃப்ரெண்டோட ஃப்ரெண்ட் மச்சி" என்றான். இரண்டைப் பக்கத்துத் தெருப் பையன் கெஞ்சி வாங்கிப்போனான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கூண்டு. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை இறக்கும், 30 டிகிரிக்கு மேல் போனாலே தவிக்கும். காஞ்சிபுரத்தில் சித்திரை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே மத்தியானத்தில் இரண்டும் போய்விட்டன. பையன் எங்கள் வாசலில் வந்து நின்று அழுதான். தண்ணீர் வைத்தேன் அங்கிள், வைத்தேன் அங்கிள் என்று அதையே சொன்னான். அவன்மேல் தப்பே இல்லை. கொடுத்தது நான்.

மிச்ச இரண்டையும் உத்திரமேரூர் பக்கம் இருக்கும் மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் கறிக்கு முயல் வளர்க்கிறவர். காற்றோட்டமான கொட்டகை, வரிசையாகக் கூண்டு. ஒவ்வொரு கூண்டிலும் அட்டை தொங்கியது: சேர்த்த தேதி, ஈன்ற தேதி, எத்தனை குட்டி, எத்தனை பிழைத்தது. ஆண்கள் தனி, பெண்கள் தனி. தொடக்கத்தில் கொடைக்கானல் மலையில் மன்னவனூர் போய் ஆராய்ச்சி மையத்தில் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்தாராம். குட்டிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்ள, இங்க வந்தா கறிதான். பாப்பா கிட்ட வேற ஏதும் சொல்லி வச்சிராத."

நான் கறி தின்கிறவன்தான். ஆனாலும் குட்டிகளைத் திரும்ப எடுத்துவந்தேன். வண்டியில் வரும்போது உறைத்தது: எங்கள் இரண்டு பேரில் பிறக்கப்போகும் ஒவ்வொரு குட்டிக்கும் முன்கூட்டியே பதில் வைத்திருந்தவர் மாமா. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு. நான் பாசத்தை மட்டும் வைத்திருந்தேன். என் எட்டில் இரண்டு செத்தன, நான்கு எங்கே என்று எனக்குத் தெரியாது.

2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி என்ன ஆனது என்று நினைவிருக்கலாம். வாங்கி வளர்த்துக் கொடுத்தால் போதும் என்று நம்பிப் பணம் போட்டார்கள். கம்பெனி கைவிட்டதும் கொட்டகைகளில் பறவைகள் பட்டினி கிடந்தன. தீவனம் போட அரசாங்கம் இறங்க வேண்டியிருந்தது. அங்கே பணத்தாசை இருந்தது, நம் வீட்டில் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கூண்டுக்குள் இருந்த பறவைக்கு இரண்டும் ஒன்றுதான்.

சட்டமும் இதில் பெரிதாக உதவாது. நாய் இனப்பெருக்கத்துக்கு 2017-ல் விதிகள் வந்தன. 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளில் முயலும் உண்டு, கடை பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு முயலை ஒரே கூடத்தில் விட்டுவைக்கும் குடும்பத்தை யார் வந்து கேட்பார்கள்?

இதைச் சொன்னால் நண்பர்கள் இரண்டு பதில் சொல்கிறார்கள். முதலாவது, "ஒரு தடவையாவது குட்டி போட்டாதான் பெண் முயலுக்கு உடம்புக்கு நல்லது." இது உண்மையில்லை. கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு வயதாக ஆக கருப்பைப் புற்றுநோய் வருவது சகஜம். குட்டி போடுவது அதற்கு மருந்தில்லை, அறுவைதான். முயலுக்கு மயக்க மருந்து கொடுப்பது நாய்க்குக் கொடுப்பதைவிட நுட்பமான காரியம் என்பதால் பழகிய டாக்டராகத் தேட வேண்டும். நாங்கள் சென்னை வரை போனோம். மிளகுக்குச் செய்த பிறகும் சில வாரம் தள்ளியே வைக்கச் சொன்னார்கள், அதுவரை வீரியம் இருக்குமாம்.

இரண்டாவது பதில் கொஞ்சம் கனமானது. "குழந்தை ஒரு பிறப்பைப் பார்க்கட்டுமே." இதை என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை. பத்தாம் நாள் வாக்கில் முதல் கண் திறந்ததை என் மகள் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். ஆனால் அவள் பார்த்தது அது மட்டுமில்லை. என் உள்ளங்கையில் செத்த குட்டியைப் பார்த்தாள். வாசலில் அழுத பையனைப் பார்த்தாள். குட்டிகளைத் துணிப்பையில் வைத்து நான் கடைக்குத் தூக்கிப்போனதையும் பார்த்தாள். பிறப்பை மட்டும் காட்டிவிட்டு மிச்சத்தை மறைத்தால் அது பாடமில்லை, வேடிக்கை.

ஆகவே என் பதில்: வேண்டாம். ஜோடி வேண்டுமென்றால் வாங்கிய வாரமே டாக்டரிடம் காட்டி ஆணா பெண்ணா என்று உறுதி செய்யுங்கள். வயது வந்ததும் கருத்தடை. அதுவரை தனித்தனிக் கூண்டு, ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும்படி பக்கத்தில் பக்கத்தில். அதையும் மீறிக் குட்டி வேண்டும் என்றால், முயல்களைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எட்டுப் பேர் எழுதுங்கள். 'யாராவது வாங்கிப்பாங்க' என்பது பெயரில்லை. எட்டுப் பேரும் அடுத்த சித்திரையிலும் அந்த முயலை வைத்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். என்னால் மூன்றுக்கு மேல் எழுத முடியவில்லை.

அந்த முகூர்த்தப் புடவை எட்டு நாள் தாமதமாக இறங்கியது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி தறியைவிட்டு எழுந்ததும் குழிமேல் ஒரு பலகையைப் போட்டு மூடுகிறார், அவ்வளவுதான். வீட்டில் இப்போது நான்கு முயல்கள். நான்குக்கும் அறுவை முடிந்தது.

போன வாரம் மகளின் தோழி வந்திருந்தாள். பஞ்சுவை மடியில் வைத்துக்கொண்டு, "அடுத்த தடவை குட்டி போட்டா எனக்கு ஒண்ணு தருவியா?" என்று கேட்டாள்.

"இனிமே போடாது" என்றாள் மகள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "உங்க வீட்ல ஃபேன் எந்த ரூம்ல இருக்கு?"