சுவரில் இருப்பதெல்லாம் நுளம்பல்ல

கலகெதரப் பக்கம் வயலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பூச்சியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மழை விட்ட நாட்களில், மஃரிபுடைய நேரத்தில் விளக்கைப் போட்டதும் கூட்டமாக வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். பார்வைக்கு நுளம்பேதான். விடிந்து பார்த்தால் ஜன்னலோரத்தில் செத்துக் குவிந்து கிடக்கும்.

என் ராத்தாவின் மகள் பிள்ளை பெற்று எங்கள் வீட்டில் இருந்தபோது, இவற்றைக் கண்டு மிகவும் பயந்துபோனாள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. 2017ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். 400க்கும் அதிகமானோர் மௌத்தானார்கள். அவள் கதவு ஜன்னலையெல்லாம் அடைத்து, நுளம்புச் சுருளைக் கொளுத்தி வைத்தாள். புகையில் பச்சைப் பிள்ளை இருமத் தொடங்கியது.

"புகை வேணாம் மகள்" என்றேன்.

"ஒரு நுளம்பு கடிச்சாலும் போதும்தானே சாச்சி!" என்று அழுதாள்.

வீட்டில் பாடசாலைப் பிள்ளையின் கைவில்லை ஒன்று இருந்தது. அதை வைத்து இருவருமாகச் சுவரில் இருந்ததைப் பார்த்தோம்.

நுளம்புக்கு முகத்தின் முன்னே ஊசிபோல நீண்ட குழல் இருக்கும். இதற்கு அது இல்லை. கடிக்க நினைத்தாலும் கடிக்க வழியில்லை. நுளம்பு உட்கார்ந்தால் பின்னங்கால்களைத் தூக்கி வைத்திருக்கும்; இது முன்னங்கால்களைத்தான் தூக்கி நீட்டியிருக்கும். நுளம்பின் இறக்கை வயிற்றின் நுனிவரை மூடும்; இதன் இறக்கை உடம்பைவிடக் குட்டையானது. ஆண் பூச்சியின் தலையில் இறகு போன்ற இரண்டு உணர்கொம்புகள் தெரியும்.

கைரோனோமிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த பூச்சி இது. வளர்ந்தபின் சில நாட்களே உயிர் வாழும். இதன் குடம்பி நீருக்கடியில் சேற்றில் வாழும். பல இனங்களின் குடம்பி நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் இருப்பதால் சிவப்பாக இருக்கும். காற்றுக் குறைந்த சேற்றிலும் அதனால்தான் பிழைக்கிறது. தண்ணீர்த் தாங்கியின் அடியில் நெளியும் சிவப்புப் புழுவும் பெரும்பாலும் இதுவே. தாங்கியைக் கழுவி மூடினால் போதும். மீனுக்கும் தும்பிக்கும் இது நல்ல இரை.

குளியலறைச் சுவரில் குட்டி வண்ணத்துப்பூச்சிபோல மயிரடர்ந்த இறக்கையோடு உட்கார்ந்திருப்பது வேறு பூச்சி. அதுவும் கடிக்காது. வடிகான் அழுக்கைத் தேய்த்துக் கழுவினால் குறைந்துவிடும்.

கடிக்காது என்பதற்காகச் செத்தவற்றைக் குவிய விடவும் கூடாது. சூடானில் நைல் நதியோரத்தில் இந்த இனம் பெருகி, அதன் தூசியால் பலருக்கு ஆஸ்துமா வந்திருக்கிறது. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். மாலையில் அறை விளக்கைக் குறைத்து, திரையை இழுத்து விடுங்கள்.

சகோதரிகளே, டெங்கு நுளம்பு சுவர் நிறையக் கூட்டமாக வருவதில்லை. காலில் வெள்ளை வரிகளோடு, பகலில், முக்கியமாகக் காலையிலும் அஸருக்குப் பிறகும், ஓசையில்லாமல் வந்து கடிக்கும். அது முட்டையிடுவது நம் வீட்டுத் தேங்கிய நீரில்: பூச்சாடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, சிரட்டை, பீலி, பழைய டயர். அன்று கிணற்றடியில் கிடந்த ஒரு யோகட் கோப்பையில், நீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கும் நுளம்புக் குடம்பிகளை மகளுக்குக் காட்டினேன். பிள்ளைக்கு ஆபத்து அந்தக் கோப்பையில்தான் இருந்தது.

முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வெள்ளிதோறும் நீரை ஊற்றிவிட்டு, பாத்திரத்தின் உட்பக்கத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.

அல்பகறா அத்தியாயத்தின் 26ஆம் வசனம் இத்தகைய சிறு படைப்பொன்றையே உதாரணமாக எடுத்துக் காட்டுகிறது. இரவில் பாத்திரங்களை மூடி வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதையும் நாம் அறிவோம். சுருளைக் கொளுத்துமுன் ஒரு கணம் உற்றுப் பாருங்கள். பிறகு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.