ஒட்டுப் போர்வைக்குள் ஒரு கறுப்புக் கம்பளி

“தோட்டத்துப் பெண்களின் கையில் ஊசியைக் கொடுத்ததே துரைசாணிமார்தான்.” ஹட்டனில் நடந்த கைவேலைக் கண்காட்சி ஒன்றில் பேச வந்தவர் இப்படிச் சொன்னார். பங்களா, மிஷன், தையல் வகுப்பு என்று அடுக்கிக்கொண்டே போனார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அந்தப் பேச்சு தொண்டையில் முள்ளாக நின்றது.

என் அம்மாயி பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பேர் பதிந்த நாளிலிருந்து உடம்பு முடியாமல் நின்ற நாள் வரை கொழுந்து பறித்தவர். பங்களாப் பக்கம் போகும் வேலையே அவருக்கு இருந்ததில்லை. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பகல் சோறு முடிந்து லயத்து வாசல் இஸ்தோப்பில் சாக்கை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டால், மடியில் ஒட்டுப் போர்வையும் கையில் ஊசியுமாகப் பொழுது சாயும் வரை எழுந்திருக்க மாட்டார். பக்கத்துக் காம்பராப் பெண்களும் தங்கள் துணி மூட்டைகளோடு வந்து சேர்வார்கள். இது எந்தத் தீபாவளிச் சேலை, அது எந்தப் பிள்ளையின் பாவாடை என்று துண்டுகளைப் பரப்பி வைத்து நிறம் பொருத்திப் பார்ப்பதிலேயே வெகு நேரம் போகும். ஊதாவுக்குப் பக்கத்தில் மஞ்சள் வைப்பதா, பச்சை வைப்பதா என்று பெரிய வழக்கே நடக்கும். வாரம் முழுக்கத் தராசடியில் கிலோக் கணக்குக் கேட்டவர்களுக்கு அன்றைக்கு நிறம்தான் பேச்சு. அந்தச் சந்தோஷத்தைப் பங்களாவிலிருந்து யாரோ இறக்கிக் கொடுத்தார்கள் என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

அம்மாயி இப்போது இல்லை. அவரோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்த ஒரு பாட்டி டிக்கோயாப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். தொண்ணூறை நெருங்கும் வயது. கண்ணும் காதும் நல்ல தெளிவு. அவரிடம் போனேன்.

“பாட்டி, தைக்கிறதுக்கு யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?”

“எதை?”

“இந்தப் போர்வை தைக்கிறதை.”

“அதுக்கு என்ன கத்துக்கிறது?”

எப்படித் திருப்பிக் கேட்டாலும் பதில் இதுதான். பள்ளிக்கூடத்திலா? இல்லை. கோயிலிலா, சர்ச்சிலா? இல்லை. அம்மா சொல்லித் தந்தாரா? “அம்மாவுக்கு ஏது நேரம்?” பேச்சை மாற்றி, கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் போட்ட தழும்பைக் காட்டினார். தேத்தண்ணி கொடுத்தார். மறுபடியும் கேட்டால், “நீ படிச்ச புள்ள, நீயே பாத்துக்க” என்றார். அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினேன்.

சரி, பேச்சாளர் காட்டிய வழியிலேயே போய்ப் பார்ப்போம் என்று மிஷன் பக்கம் திரும்பினேன். தோட்டத் தமிழருக்கென்றே ‘தமிழ்க் கூலி மிஷன்’ 1854இல் தொடங்கியது. டிக்கோயாவில் வார்லி தேவாலயம் 1878இல் எழுந்தது. அதன் கல்லறைத் தோட்டத்தில் நடந்தால் தோட்டத் துரைமாரின் பெயர்களை வாசிக்கலாம். மிஷன் பள்ளிகளில் தையல் இருந்தது உண்மைதான். யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையிலேயே தையல் ஒரு பாடம். ஆனால் விடுதியில் தங்கிப் படித்த பிள்ளை வேறு, லயத்துப் பிள்ளை வேறு. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை படிப்பு கொடுக்கச் சொன்னது. அந்த வயதில் பெண் பிள்ளைகள் பலர் கைக்குழந்தைத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள்; பிறகு நேரே மலைக்குப் போனார்கள். அவர்கள் எந்த வகுப்பில் உட்கார்ந்து பூவேலை படித்திருப்பார்கள்?

தையல் மெஷினும் இந்தக் கதைக்குள் நுழைய முடியாது. சிங்கர் கம்பனி இலங்கையில் வியாபாரம் தொடங்கியது 1877இல். தவணைப் பணத்துக்குக் கொடுத்த மெஷின் நாட்டின் வீடுகளுக்குள் போன விதத்தை வரலாற்றாசிரியர் நிரா விக்ரமசிங்க 2014இல் வெளிவந்த ‘மெட்டாலிக் மொடர்ன்’ நூலில் எழுதியிருக்கிறார். உயர்மலைத் தோட்டங்களில் 1929இல் பெண்ணின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 43 சதம். அந்தச் சம்பளத்தில் தவணை கட்டுவது எங்கே? வாங்கினாலும் ஒற்றைக் காம்பராவில் அதை வைப்பது எங்கே? மெஷின் இருந்தது கணக்கப்பிள்ளை வீட்டிலும் டவுன் துணிக்கடை வாசலில் உட்கார்ந்த தையல்காரரிடமும்தான்.

மிஷன் வழிக்கு முற்றுப்புள்ளி வைத்தது அம்மாயியின் ஊசிதான். அவருடைய பழைய பிஸ்கட் டின்னை என் மாமி எடுத்து வைத்திருந்தார். அதற்குள் பூவேலை ஊசி ஒன்றுகூட இல்லை. இருந்தது கோணூசி. சாக்கு மூட்டை தைக்கிற, நுனி தட்டையாக வளைந்த, விரல் நீளத்துக்கு மேல் இருக்கும் ஊசி. சேலைத் துணிக்கு அவ்வளவு பெரிய ஊசி எதற்கு என்று போர்வையை எடுத்துப் பார்த்தேன். எலி கடித்த ஒரு மூலையில் மேல் துணி பிரிந்து கிடந்தது. உள்ளே விரலை விட்டால் சொரசொரவென்று குத்தியது. கறுப்பாக, முரட்டு ரோமம். கம்பளி.

மேலே ஒரு சேலை, கீழே ஒரு சேலை, நடுவில் தேய்ந்துபோன கம்பளி. மூன்றையும் சேர்த்து, சோளத்தின் மணி வரிசையைப் போல ஓட்டுத் தையல் முனைக்கு முனை ஓடுகிறது. கோணூசி இல்லாமல் இதைக் குத்தி எடுக்க முடியாது.

அந்தக் கறுப்புக் கம்பளியை எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். மழையில் கொழுந்தெடுக்கும்போது தலையிலிருந்து முதுகு வரை போட்டுக்கொண்டது அது. கம்பளியைத் தோட்டமே கொடுத்தது; விலையைப் பேரில் எழுதிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. கோப்பிக் காலத்திலிருந்தே தொழிலாளியின் கடன் கணக்கில் கம்பளிக்கும் ஒரு பதிவு இருந்தது.

இந்தக் கம்பளி வந்தது இந்தியாவிலிருந்து. தென்னிந்தியாவில் ஆடு மேய்க்கும் குறும்பர்கள் தங்கள் ஆட்டு ரோமத்தைத் திரித்துக் குழித்தறியில் நெய்தது. புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு விறைப்பாக்குவார்கள். அதனால் தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் பூட்டி தமிழ்நாட்டுத் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. கம்பளி அக்கரையிலிருந்து வந்தது என்றால் தையலும் அவரோடுதான் கப்பலேறி வந்திருக்க வேண்டும் என்று மனசு முடிவே கட்டிவிட்டது.

துறையூர்ப் பக்கம் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு வீடு இருக்கிறது. போர்வையைப் படமெடுத்து அனுப்பி, உங்கள் பக்கம் இப்படி உண்டா என்று தொலைபேசியில் கேட்டேன். அந்த வீட்டு அத்தை பழஞ்சேலையை நாலாக மடித்து ஓரம் மூட்டிக் குழந்தைக்கு விரிப்பார்களாம். “இவ்ளோ கனமா எதுக்கும்மா? இங்க அடிக்கிற வெயிலுக்கு இதைப் போத்திக்கிட்டா வெந்துல்ல போயிருவோம்?” என்றார்.

அந்தக் கேள்வி என் தேடலைத் திருப்பிவிட்டது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரம். தை, மாசியில் விடியற்காலை உறைபனி விழுந்து தேயிலைத் தளிரே கருகும். ஹட்டன் பக்கம் அதைவிடத் தாழ்வு என்றாலும் மழை தொடங்கினால் லயத்துச் சிமெந்துத் தரை மாசக்கணக்கில் ஈரம் காயாது. சமவெளியிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் குளிருக்கான துணி ஊரிலிருந்து வந்திருக்க வழியில்லை. இங்கேதான் உண்டாகியிருக்க வேண்டும்.

போர்வையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் டிக்கோயாப் பாட்டியிடம் போனேன். இந்த முறை கேள்வியே கேட்கவில்லை. மடியில் விரித்தேன். அவர் மேல் பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சட்டென்று மறுபக்கம் திருப்பி, தையலை விரலால் தடவிக்கொண்டே போனார். பாதியில் விரல் நின்றது.

“இங்கிட்டு வரைக்கும் மாப்பை நூலு. இதுக்கு மேல மா வரல.”

அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. அரிசி, மா போடும் நாளில் ஸ்டோர் வாசலில் விடியும் முன்பே பெண்கள் போய் நிற்பார்களாம். மாவுக்காக மட்டும் இல்லை. கப்பலில் வந்த கோதுமை மா அப்போது வெள்ளைத் துணிப் பையில் வரும். பையின் வாயை மெஷினில் சங்கிலித் தையலாக மூட்டியிருப்பார்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழு நூலும் சரசரவென்று ஒரே இழுப்பில் கழன்று வரும். தப்பான முனையை இழுத்தால் இறுகிக்கொள்ளும். அந்த முனை தெரிந்தவள் கையில் அன்றைக்கு முழ முழமாக முறுக்கு நூல். “ஒங்க அம்மாயிக்கு முனை தப்பவே தப்பாது” என்று சொல்லி, வெற்று விரலால் காற்றில் இழுத்துக் காட்டிச் சிரித்தார். பை கிடைத்தால் இன்னும் விசேஷம். சாம்பலும் சவர்க்காரமும் போட்டு அவித்து, நீல எழுத்து மங்கும் வரை கல்லில் அடித்து, தலையணை உறை, பிள்ளைகளுக்கு உள்பாவாடை என்று ஒரு துண்டு வீணாகாமல் தைப்பார்கள்.

பாட்டியின் விரல் நின்ற இடத்தில் நானும் பார்த்தேன். வெள்ளை நூல் அங்கே முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்பு, கருநீலம், பச்சை என்று மெல்லிய இழைகள். சேலைக் கரையிலிருந்து உருவி எடுத்து இரட்டையாக முறுக்கிய நூல். அது 1973, 74. அரிசி, மா பங்கீடு வெட்டப்பட்டு, தோட்டங்களில் மனிதர்கள் பசியால் செத்த காலம். ஸ்டோருக்கு மா ஒழுங்காக வரவில்லை, நூலும் வரவில்லை. வயிறு காய்ந்த அந்த வருஷங்களிலும் என் அம்மாயி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைத்திருக்கிறார். நிறம் பார்த்தும் தைத்திருக்கிறார்: சிவப்புத் துண்டில் சிவப்பு இழை ஓடவில்லை, பச்சை ஓடுகிறது.

“அப்பவும் ஏன் பாட்டி தைச்சீங்க?”

“கையில ஊசி இருந்தா மனசு நிக்கும் தாயி. அந்த ஒரு பொழுது எங்களுக்கு.”

போர்வையின் கடைசி ஓரத்தில் நூல் மறுபடி மாறுகிறது. பளபளக்கும் பொலியெஸ்டர், துண்டுகளும் பூப்போட்ட கட்பீஸ். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் மெஷின் முன்னால் உட்காரப் போனார்கள். என் சின்னம்மாவும் போனார். லீவில் வரும்போது அம்மாயிக்குக் கிலோக் கணக்கில் விற்கும் கட்பீஸ் வாங்கி வருவார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மாயி முதலில் பிரிப்பது அந்தப் பையைத்தான் என்று அம்மா சொல்வார்.

ஆகவே என் முடிவு இது. ஊசியை யாரும் கொடுக்கவில்லை. கம்பளி சம்பளத்தில் பிடித்த காசு. சேலை தீபாவளி அட்வான்ஸ். அதுவும் சம்பளத்தில் பிடித்ததுதான். மாவும் அப்படியே. இந்தப் போர்வையில் தோட்டத்திலிருந்து இனாமாக வந்தது மாப்பை நூல் ஒன்றுதான். அதையும் விடியும் முன் எழுந்து போய் நின்றவள்தான் எடுத்தாள். இத்தனையையும் சேர்த்து ஒரு அழகான பொருளாக்கும் எண்ணம் அந்தப் பெண்களுடையது. அதன் பிறப்பிடம் லயத்து இஸ்தோப்பு.

ஹந்தானையில் 2001 முதல் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய ஃபெக்டரிக் கட்டடத்தில் உருளை மெஷின்களைப் பார்க்கலாம். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்றையே 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி, நம் மக்களின் அன்றாடச் சாமான்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் ஒட்டுப் போர்வை கிடந்தால் பழசு என்று எரித்துவிடாதீர்கள். மறுபக்கம் திருப்பி நூலைப் பாருங்கள். அதைத் தைத்தவரின் காலத்து ஆள் யாராவது இருந்தால், தாமதிக்காமல் போர்வையோடு போய் உட்காருங்கள். பிறகு தைத்தவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒரு துணித்துண்டில் எழுதி அதன் ஓரத்தில் தைத்து வையுங்கள். வீட்டில் வைக்க இடமில்லை என்றால் அந்தத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள்.