பழவேற்காட்டில் ஒரு பகல்

கடற்கரைக்குப் போய் வந்தோம் என்று சென்னைவாசி ஒருவர் சொன்னால், மெரீனாவில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுக் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு திரும்பினார் என்பதே பொருள். நாங்களும் வெகு காலமாக அத்தகைய கடற்கரைப் பிரயாணிகளாகவே இருந்து வந்தோம். எங்களிடம் படித்த மாணாக்கன் ஒருவன், பட்டம் பெற்ற பின்னும் சொந்த ஊரில் தகப்பனாரோடு ஏரித் தொழிலுக்கே திரும்பியவன், "பழவேற்காட்டுக்கு ஒரு தடவை வாருங்கள், ஸார்" என்று மூன்று வருஷமாக அழைத்துக்கொண்டிருந்தான். இந்தத் தை மாதத்தில்தான் வேளை வாய்த்தது.

நாங்கள், எங்கள் இல்லாள், எங்கள் பள்ளிக் கணித ஆசிரியர் ஆக மூவர் புறப்பட்டோம். கணித ஆசிரியர் சுத்த சைவர். மீனுக்குப் பெயர் போன ஊருக்கு அவர் ஏன் வந்தார் என்று நேயர்கள் கேட்கலாம். பறவைகளைப் பார்க்க வந்ததாக அவர் சொன்னார், நாங்களும் நம்பினோம்.

சென்னை சென்ட்ரலிலிருந்து பொன்னேரி வரையில் ரயில். அங்கிருந்து பஸ். இருபுறமும் அறுவடைக்கு நின்ற நெல் வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தோம். வயல் தீர்ந்து உவர் நிலம் தொடங்கியது; சற்றைக்கெல்லாம் எதிரே தண்ணீர். ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கரையிலிருந்து வெகு தூரத்தில், நடு ஏரி என்று நாங்கள் நினைத்த இடத்தில், மனிதர்கள் இடுப்பளவு நீரில் சாவதானமாக நடந்துகொண்டிருந்தார்கள்! வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோ மீட்டர் நீண்டு, பெரும் பகுதி ஆந்திர தேசத்தில் கிடக்கும் இந்த மாபெரும் ஏரிக்குப் பல இடங்களில் ஓர் ஆள் ஆழங்கூடக் கிடையாது. கிழக்கே கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் வரப்புப் போலக் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் நம் நாட்டு ராக்கெட்டுகள் விண்ணுக்குக் கிளம்புகின்றன.

தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. மாணாக்கன் காட்டிய பிறகே அவை பூநாரைகள் என்று தெரிந்தது. ஒரு கால் மடக்கி, தலையைக் கவிழ்த்து நீரில் வைத்து, பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் போல அசையாமல் நின்றன. கணித ஆசிரியர் எண்ணத் தொடங்கி, நூற்று நாற்பதை எட்டுகையில் அவை ஒரே சமயத்தில் பறந்துவிட்டன.

ஊருக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாயிலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன. 1613-ல் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினர். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை ஸ்தலம் இதுவே. நம் நெசவாளரின் துணிகளைக் கப்பலேற்றிக் கீழ்த்திசைத் தீவுகளில் கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கிப் பணம் குவித்தார்கள். மெக்ஸிகோ தேசத்தில் கழுத்துத் துணியைப் 'பாலியாகாத்தே' என்கிறார்களாம். அது நம் பழவேற்காட்டின் பெயரே. துணியோடு நின்றிருந்தால் நாமும் பெருமை பேசிவிட்டுப் போகலாம். பஞ்ச காலங்களில் பட்டினியால் தம்மையே விற்றுக்கொண்ட ஏழைகளை ஆயிரக்கணக்கில் வாங்கி, அடிமைகளாகப் படேவியாவுக்கு ஏற்றுமதி செய்ததும் இதே வியாபாரிகள்தாம். கல்லறைகளில் கொத்து வேலை மிக நேர்த்தி. கப்பலேறியவர்களுக்குக் கல் ஏது? கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு.

ஏரிக் கரைக்கு வந்தோம். மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கணித ஆசிரியர் மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வரும் திசையில் பத்தடி விலகி நின்றார்.

அங்கேதான் 'பாடு' என்ற ஏற்பாட்டைப் பற்றி மாணாக்கன் விவரித்தான். இறால் கடலில் பிறக்கிறது. குஞ்சுகள் கடல் ஏறும்போது முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, ஆற்று நீரும் கடல் நீரும் கலந்த இடத்தில் வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்புகின்றன. திரும்பும் வழியில் வலை கட்டினால் நல்ல வரும்படி. ஆகையால் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களுக்கு எல்லோரும் அடித்துக்கொள்ளாதபடி, இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்கிறார்கள். தன் முறை வரும் வரையில் எவ்வளவு இறால் துள்ளினாலும் மற்றவன் அங்கே வலை இறக்க மாட்டான். இதைக் கேட்டதும் கணித ஆசிரியர் துண்டை எடுத்துவிட்டு அருகில் வந்தார். எத்தனை இடம், எத்தனை குடும்பம் என்று கேட்டு, மணலில் விரலால் கணக்குப் போட்டார்.

அப்போது இருளர் மாது ஒருத்தி ஆழமில்லாத நீரில் உட்கார்ந்து நகர்ந்துகொண்டிருந்தாள். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்ட இறாலைப் பறிக்குள் போட்டாள்.

"அந்த அம்மாளுக்குப் பாடு எப்போது?" என்று கேட்டார் கணித ஆசிரியர்.

"அவங்களுக்குப் பாடு இல்லை, ஸார். முறை சில ஊர்க்காரங்களுக்கு மட்டும்தான். அவங்களுக்குக் கைதான்."

கணித ஆசிரியர் மணலில் போட்ட கணக்கைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாணாக்கனும் அதைச் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான். கோடையில் முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபட்டுவிட்டால், பாடு உள்ளவன், இல்லாதவன் எல்லோருக்கும் ஒரே கதிதான் என்று பிறகு சொன்னான்.

படகில் ஒரு சுற்றுச் சுற்றி வரலாமா என்று ஒருவர் கேட்டார். 2011-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று இங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாங்கள் மறக்கவில்லை. வேண்டாமென்று சொல்லிவிட்டோம். பசியும் ஒரு காரணம்.

மாணாக்கனின் வீட்டில் தலைவாழை இலை போட்டு அவனுடைய தாயார் பரிமாறினாள். முதலில் நண்டுக் குழம்பு. மிளகும் பூண்டும் புளியும் சேர்ந்து கொதித்த அந்தக் குழம்பைச் சோற்றில் ஊற்றிய மாத்திரத்தில் சம்பாஷணை நின்றது. நண்டின் காலை உடைக்கத் தெரியாமல் நாங்கள் தவித்ததைக் கண்டு அந்த அம்மாள் சிரித்து, அம்மிக் குழவியால் தட்டிக் கொடுத்தாள். அடுத்தது மடவை மீன் வறுவல். அப்புறம் வந்தது இறால்! ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். கத்தரிக்காயோடு வதக்கியது. ஏரி இறாலுக்கு ஒரு மெல்லிய தித்திப்பு உண்டு. பட்டணத்து மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியில் கிடந்து வருவதில் அது இருப்பதில்லை. எங்கள் இல்லாள் வெட்கத்தை விட்டு இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கணித ஆசிரியருக்குத் தனியே கீரைக் கூட்டும் சாம்பாரும். "வாத்தியாரய்யா சைவம்னு புள்ளை சொன்னான். சட்டி புதுசு, ஐயா. நேத்துதான் வாங்கினது. பயப்படாம சாப்பிடுங்க" என்றாள் அந்த அம்மாள். அவர் மறு பேச்சில்லாமல் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டார்.

மாலையில் பஸ் நிலையம் வரையில் மாணாக்கன் கூட வந்தான். எங்கள் இல்லாள் கேட்டாள்: "அவ்வளவு பெரிய இறாலா, அப்பா! இன்று காலை உங்கள் வலையில் விழுந்ததா?"

அவன் சற்றுத் தயங்கினான். "இல்லீங்கம்மா. எங்களுக்குப் பாடு வர இன்னும் நாள் இருக்கு. ஏலத்துல அம்மாதான் எடுத்தாங்க. எங்க பாடு அன்னைக்கே விழுந்தாலும் பெரிசை நாங்க சாப்பிடறதில்லை, வித்துடுவோம். நமக்குப் பொடிதான்."

பஸ் வந்துவிட்டது. என்ன சொல்வதென்று தெரியாமல் ஏறி உட்கார்ந்தோம். அந்த அம்மாள் கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பொட்டலம் எங்கள் இல்லாளின் மடியில் இருந்தது. பஸ்ஸில் பக்கத்து ஆசனங்கள் காலியாகவே இருந்தன. ஆயினும் கணித ஆசிரியர் பொன்னேரி வரையில் எங்கள் அருகிலேயே உட்கார்ந்து வந்தார்.