புட்டிக்குள் விழுந்த கோடு

ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கச் சித்தப்பாவின் மருந்தடிக்கிற மெஷின் கொட்டகை ஆணியில் தொங்கியது. மாசியில் உளுந்துக்கு மருந்தடிக்க எடுத்தபோது, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் வலித்தது. மெக்கானிக் டேங்கைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு கண்ணாடிப் புட்டியில் கவிழ்த்தார். சற்று நேரத்தில் நடுவே கோடு விழுந்தது. மேலே டூ-டி ஆயிலின் பச்சை. கீழே இரண்டு விரல் கனத்துக்கு நிறமற்ற கலங்கல்.

“கீழ நிக்கறதுல ஆயிலே கிடையாதுங்கய்யா. டியூப் இதைத்தான் உறிஞ்சும். ஓடாததே நல்லது, ஓடியிருந்தா பிஸ்டன் பிடிச்சிருக்கும்.”

“பங்க்ல தண்ணியக் கலந்துட்டானா?” என்றார் சித்தப்பா.

“தண்ணி உங்க கூரை ஒழுகி மூடி வழியா இறங்கினது. ஆனா அது கொஞ்சம்தான். மிச்சம், பெட்ரோல்ல இருக்கற ஸ்பிரிட்டு.”

“பெட்ரோல்ல ஸ்பிரிட்டா? எப்பலேர்ந்து?”

மெக்கானிக்கும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாதம் அலைந்தேன்.

முதலில் கண்ணால் பார்த்துவிட நினைத்தேன். பள்ளிக்கூட அளவு ஜாடியை இரவல் வாங்கி, வாசலில் வைத்து, புதிதாக வாங்கிய பெட்ரோலில் 80 மில்லி, தண்ணீரில் 20 மில்லி ஊற்றிக் குலுக்கினேன். தெளிந்ததும் கீழடுக்கு 34-ஐத் தொட்டது. ஏறிய 14 மில்லியும் பெட்ரோலிலிருந்து தண்ணீர் இழுத்துக்கொண்ட எத்தனால், மெக்கானிக் சொன்ன அந்த ஸ்பிரிட்டு. சுத்தமான பெட்ரோலாக இருந்தால் தண்ணீர் 20-லேயே நின்றிருக்கும். கொட்டகையில் நடந்தது இதேதான்.

பிறகு ஆண்டுகளைப் பின்னோக்கிப் பிடித்துப் போனேன். 20 சதவீதக் கலவை 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. 10 சதவீதத்தை நாடு 2022-இல் எட்டியது. அதற்கும் முன்பு, 2003 ஜனவரியில் 5 சதவீதம் கலக்கத் தொடங்கிய 9 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மறு ஆண்டே கரும்பு குறைந்து, எத்தனால் கிடைக்காமல் திட்டம் தடுமாறியது. ஆக இருபது வருஷமாக விட்டுவிட்டு இதை ஊற்றிவந்திருக்கிறோம்.

அதுதான் தொடக்கம் என்று நினைத்தேன். இல்லை. பழைய மத்தியச் சட்டங்களின் பட்டியலில் 1948-ஆம் ஆண்டின் ‘இந்திய பவர் ஆல்கஹால் சட்டம்’ கண்ணில் பட்டது. சுதந்திரம் வந்த மறு ஆண்டே, வண்டிக்கு ஊற்றும் சாராயத்துக்கென்று ஒரு சட்டம்! அதில் என்னை நிறுத்தியது ஓர் எண். பவர் ஆல்கஹால் என்றால் 99.5 சதவீதத்துக்குக் குறையாத எத்தனால். அதாவது தண்ணீர் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அந்தப் புட்டியில் விழுந்த கோட்டைச் சட்டம் எழுதியவர்கள் அன்றே அறிந்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டம் 2000-இல் ரத்தானது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலுக்குத் தடை வந்தது. இன்ஜின் தட்டாமல் ஓட ஈயம் கலக்கலாம் என்று 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்க்லி கண்டறிந்தபோது, அதே வேலையைச் செய்யக்கூடியதாக எதிரே நின்றது ஆல்கஹால். ஈயம் வென்றது, தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது. இதைப் படித்த இரவு, எத்தனால் மேல் எனக்கிருந்த கோபம் பாதி தணிந்தது.

மீதிப் பாதி தணியவில்லை. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதக் கலவைக்கென வடிவமைக்காத கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று 2021-இல் நிதி ஆயோக்கின் அறிக்கையே சொல்கிறது. பழைய ரப்பர் டியூப்பும் டயாபிரமும் ஊறி விறைக்கின்றன. தினமும் ஓடும் வண்டி எப்படியோ சமாளித்துக்கொள்ளும். வருஷத்தில் இருபது நாள் ஓடும் மருந்து மெஷினுக்கும் களைவெட்டிக்கும் அந்த வழி இல்லை. எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் பெட்ரோல் பெரிய நகரங்களில் சில பங்க்குகளில் கிடைக்கிறது, ஒன்றரை மடங்குக்கும் மேல் விலையில். உளுந்து போட்டவர் அதற்காக நகரத்துக்குப் போவாரா? கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் விலை கிடைக்கட்டும், எனக்கு அதில் மனநிறைவுதான். ஆனால் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பம்ப்பாவது கலக்காததாக இருக்க வேண்டும். எல்லாப் பம்ப்பிலும் எத்தனை சதவீதம் என்று கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும். இதை நான் எங்கே வேண்டுமானாலும் நின்று கேட்பேன்.

“உங்க அப்பா காலத்துலயே சட்டம் இருந்திருக்கு சித்தப்பா,” என்று சொன்னேன். தலையாட்டினார். மருந்தடித்து முடித்த அன்று, மிச்சப் பெட்ரோலைச் சொட்டுவிடாமல் கேனில் வடித்தார். பிறகு கயிற்றை இழுத்து, கார்புரேட்டரில் தங்கியிருந்ததும் தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, மூடியில் பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டி, ஒழுகாத பக்கத்து ஆணியில் மாட்டினார்.